குருகிராமிலிருந்து கோவைக்குக் குடிபெயர்கிறோம். காரை ஓட்டிக்கொண்டு வருவதா, லாரியில் ஏற்றுவதா, விற்றுவிடுவதா?

லாரியில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன்பே என்.ஓ.சி. (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் தரும் தடையில்லாச் சான்று) வேலையை ஆரம்பித்துவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கைப் பிய்க்காதீர்கள். அவசரக்காரர்களுக்கு இது போதும். மற்றவர்கள் உட்கார்ந்து படியுங்கள், கொஞ்சம் நீளும்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், ஏழெட்டு வருடத்துப் பெட்ரோல் வண்டி, மார்ச் பரீட்சை முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்ற நிலையில் நீங்கள் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். கேள்வியில் அப்படி எதுவும் எழுதவில்லைதான். ஆனால் அங்கிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கதை அதுதான். எங்கள் கதையும் அதுவே. என் கணவர் முன்னாலேயே கோவையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வீட்டைக் காலி செய்வது, பிள்ளைகளின் டி.சி., கார் எல்லாம் என் தலையில். கார் என் சம்பளத்தில் வாங்கிய வேகன் ஆர். ஆர்.சி.யும் என் பெயரில்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், யாரிடம் பேச ஆரம்பித்தாலும் "சார் எப்போ வந்து வண்டியை எடுத்துட்டுப் போவார்?" என்றுதான் கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

முதலில் ஓட்டிக்கொண்டு வரும் யோசனை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவிலிருந்து மச்சான் வரைக்கும் ஒரே குரல்: "2,500 கிலோமீட்டர்தானே, ஹைவே சூப்பரா இருக்கு, ஜம்முனு வந்துடலாம்." ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாக்பூர், ஹைதராபாத், கர்நூல், பெங்களூரு, சேலம் என்று ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொன்னால் சுற்றுலா போலத்தான் கேட்கும். சேலம் வரைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44, அப்புறம் 544. சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் காட்டில் புலியும் மானும் அடியில் கடந்து போவதற்காக ரோட்டையே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் வெயிலில் ஜான்சி பக்கம், பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், முன்னால் மூட்டு வலிக்கார மாமியார், ஓட்டுவதற்கு ஒரே ஆள் என்றால் அதற்குப் பெயர் சுற்றுலா இல்லை. பயந்துகொண்டு லாரியில் ஏற்றினேன் என்று யாராவது பின்னூட்டத்தில் எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நான் டெல்லி–குருகிராம் எக்ஸ்பிரஸ்வேயில் தினமும் ஆபீசுக்கு ஓட்டியவள். மாற்றி ஓட்ட இன்னொருவர் இருந்து, சின்னப் பிள்ளைகள் இல்லாமல், வழியில் மூன்று நான்கு இரவு தங்க முடியுமென்றால் தாராளமாக ஓட்டி வாருங்கள்.

விற்பது. டெல்லியைச் சுற்றிய தேசியத் தலைநகர்ப் பகுதியில் டீசல் வண்டி பத்து வருடத்துக்கு மேல், பெட்ரோல் வண்டி பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொண்டுவந்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்குப் பிறகு அதில் என்னென்னவோ மாற்றங்கள் வந்துகொண்டிருந்தாலும், அந்தப் பயம் சந்தையை விட்டுப் போகவில்லை. குருகிராமும் அந்தப் பகுதிக்குள்தான் வருகிறது என்பதால் அங்கே கொஞ்சம் வயதான வண்டிக்குக் கேட்கிற விலையைக் கேட்டால் அழுகை வரும். அதை விற்றுவிட்டு இங்கே புதிது வாங்கலாம் என்றால், 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது காருக்கான வாழ்நாள் வரி ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. நல்ல நிலையில் இருக்கும் வண்டியை அங்கே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு இங்கே இந்த வரியையும் கட்டுவதா? நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ரயில்? பைக் என்றால் சரி. பெட்ரோலை வடித்துவிட்டு, சாக்கு சுற்றி, ஆர்.சி. நகலோடு பார்சல் ஆபீசில் கொடுத்தால் போய்ச் சேரும். கார் கம்பெனிகள் ரயிலில் அனுப்புகின்றனவே என்று கேட்பீர்கள். அது முழு ரயிலையே எடுத்து அனுப்புவது. ஒற்றைக் காரை வைத்துக்கொண்டு நாம் போய் நிற்க முடியாது.

ஆகவே கார் கேரியர், அதாவது பல கார்களைச் சேர்த்து ஏற்றும் டிரெய்லர் லாரி. இங்கேதான் விஷயமே இருக்கிறது. நீங்கள் போனில் பேசி முன்பணம் கொடுக்கும் ஆளிடம் டிரெய்லர் இருக்காது. அவர் ஒரு புரோக்கரிடம் சொல்வார், புரோக்கர் டிரெய்லர் முதலாளியிடம் சொல்வார், முதலாளியின் டிரைவர் ஏழெட்டு வண்டி சேரும் வரை யார்டில் காத்திருப்பார். "நாளைக்கே கிளம்பிடும் மேடம்" என்பதற்கு "நாளைக்கே யார்டுக்குப் போயிடும்" என்றுதான் பொருள். எனக்கு வந்த விலைகளில் மிகக் குறைந்ததற்கும் அதிகமானதற்கும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். தொகையை இங்கே போடவில்லை. போட்டால் "எனக்குக் கம்மியா முடிஞ்சுது" என்று வரிசையில் வருவார்கள்.

எல்லாரும் ஜி.எஸ்.டி. எண்ணைக் கேட்டு வாங்கிவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்றே 2007இல் ஒரு சட்டம் இருக்கிறது. சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனம் அதன்படி பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்டதும் இரண்டு பேர் போனையே வைத்துவிட்டார்கள், வேலை மிச்சம். அதே சட்டத்தில் இன்னொன்று: சேதமோ இழப்போ ஏற்பட்டு வழக்குக்குப் போக வேண்டுமென்றால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளைக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் திட்டியதெல்லாம் கணக்கில் வராது.

அடுத்து இன்ஷூரன்ஸ். வண்டி மதிப்பில் இத்தனை சதவீதம் என்று ஒரு தொகையைப் பில்லில் சேர்ப்பார்கள். "எந்தக் கம்பெனி பாலிசி, எண் என்ன, என் பெயரில் சான்றிதழ் வருமா?" என்று கேட்டேன். "அது எங்க கம்பெனி ரிஸ்க் கவர் மேடம்" என்றார் போனில் பேசிய ஆள். அதாவது பாலிசியே இல்லை. உங்கள் காருக்கு ஏற்கெனவே இருக்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். தீ, திருட்டு, வெள்ளம் என்ற பட்டியலில் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழியில் ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதமும் பெரும்பாலும் இருக்கும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் என்றால் கிடையாது. க்ளெய்ம் எடுத்தால் நோ க்ளெய்ம் போனஸ் போகும், அதுவும் உண்மைதான். ஆனால் யாரோ ஒருவருடைய வாய்வார்த்தைக்குப் பணம் கட்டுவதைவிட இது மேல். பில்லில் இருந்த அந்த இன்ஷூரன்ஸ் தொகையை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள்.

மானேசர் பக்கம் யார்டில் வண்டியை ஒப்படைத்தபோது ஓடோமீட்டரை, பெட்ரோல் முள்ளோடு சேர்த்து போட்டோ எடுத்தேன். நான்கு பக்கமும் வீடியோ. ஸ்டெப்னி, ஜாக்கி, டயர் நம்பர் வரைக்கும். டிரைவர் ராஜஸ்தான்காரர், பெரியவர், பீடியை அணைத்துவிட்டுப் பொறுமையாக நின்றார். பில்ட்டியில் (லாரிக்காரர்கள் தரும் சரக்கு ரசீது) ஏற்கெனவே இருந்த கீறல்களை மட்டும் குறித்து அவரிடம் கையெழுத்து வாங்கினேன். பெட்ரோல் முள் அடியில்தான் இருந்தது, வேண்டுமென்றே. டேங்க் நிறைய இருந்தால் வண்டி கீழே இறங்கி ஊர் சுற்றும் என்று அக்கம்பக்கத்து அனுபவம்.

இப்போது ஃபாஸ்டேக். "அதை எடுத்துடுங்க, லாரி மேல இருந்தாலும் டோலில் காசு போகும்" என்று எல்லாரும் சொன்னார்கள். போகும் என்பது தெரிந்தேதான் விட்டேன், கணக்கில் கொஞ்சமாகப் பணம் வைத்துவிட்டு. எல்லாச் சுங்கச்சாவடியிலும் படிக்கவில்லை, வண்டி மேல்தட்டில் இருந்ததால் அங்கொன்று இங்கொன்றாகத்தான். ஆனால் அந்த எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு இருந்த மதிப்பு! புக்கிங் ஆபீஸ் பெண்ணுக்குப் போன் செய்தேன். "வண்டி ஹைதராபாத் தாண்டிடுச்சு மேடம், நாளன்னிக்கு டெலிவரி" என்றார். அன்றைக்குக் காலையில்தான் குவாலியர் பக்கத்துச் சாவடி ஒன்றில் காசு கழிந்திருந்தது. எஸ்.எம்.எஸ்.ஸை அப்படியே படம் எடுத்து அனுப்பினேன். பத்து நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் மேலாளர் என்று ஒருவர் கூப்பிட்டு "சிஸ்டம் அப்டேட் ஆகல" என்றார். சிஸ்டமா, சரி.

நாக்பூர் தாண்டி நள்ளிரவில் இன்னொரு எஸ்.எம்.எஸ். வந்தபோது எனக்கே சந்தேகம், வண்டியைக் கீழே இறக்கி ஓட்டுகிறார்களோ என்று. டிரைவர் பெரியவருக்கே போன் அடித்தேன். "காடி ஊப்பர் ஹை மேடம்ஜி, டென்ஷன் மத் லோ" (வண்டி மேலேதான் இருக்கு, கவலைப்படாதீங்க) என்று வீடியோவில் காட்டினார். டார்ச் வெளிச்சத்தில் மேல்தட்டில் என் வண்டி, சக்கரத்தைச் சுற்றி பெல்ட், பானட் பூராவும் பறவை எச்சம். நிம்மதியாகத் தூங்கினேன். கழிந்த தொகையைப் பிறகு நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கும் ஃபாஸ்டேக் கொடுத்த வங்கிக்கும் புகார் சொல்லிக் கேட்கலாம். நான் கேட்கவில்லை. அந்தக் காசுக்கு வேலை நடந்துவிட்டது.

கோவையில் டிரெய்லர் ஊருக்குள் வராது. நீலாம்பூர் பைபாஸ் ஓரம் நிறுத்திவிட்டு, வீடுவரை கொண்டுவர "லோக்கல் டிரைவர் சார்ஜ்" என்றார்கள். விலைச்சீட்டில் டோர் டெலிவரி என்று அச்சடித்திருந்தது. தம்பியைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். இடது பக்கக் கண்ணாடியில் புதிதாக ஓர் உரசல். டெலிவரி ரசீதில் கையெழுத்துக்கு மேல் அதை எழுதினேன். ரசீதை நீட்டிய ஆள் "எழுதக் கூடாதுக்கா, ஆபீஸ்ல திட்டுவாங்க" என்றார். எழுதாமல் கையெழுத்துப் போட்டால் வண்டி நன்றாக வந்து சேர்ந்தது என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். எழுதிவிட்டுத்தான் சாவி வாங்கினேன். லோக்கல் சார்ஜும் கொடுக்கவில்லை. கண்ணாடிக்கான காசைப் பாக்கித் தொகையில் கழித்துக்கொண்டார்கள், முணுமுணுத்துக்கொண்டே.

என்.ஓ.சி.க்கு வருகிறேன். வண்டி கிளம்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அபராதச் சலான் ஒன்று பாக்கியிருந்தாலும் விண்ணப்பம் நகராது, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். படிவம் 28இல் எந்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிறீர்கள் என்று எழுத வேண்டும். கோவையில் மட்டும் டி.என். 37, 38, 66, 99 என்று நான்கு ஆர்.டி.ஓ. எண்கள் உண்டு. எனவே குடிபோகும் வீட்டு முகவரி முடிவாகிவிட்டால் நல்லது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புது எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. முகவரி மாற்றத்தை 30 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது 49ஆம் பிரிவு. "ஒரு வருஷம் ஜாலியா ஓட்டலாம்" என்கிறவர்கள் இரண்டாவதைச் சொல்வதில்லை. இங்கே வரி வண்டியின் வயதுக்கு ஏற்பக் குறைத்துத்தான் போடுவார்கள், பயப்பட வேண்டாம்.

என்.ஓ.சி. என்றதும் எரிகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். குருகிராமில் வீட்டைக் காலி செய்யவும் ஓர் என்.ஓ.சி. வேண்டும். வீட்டு உரிமையாளர் எழுதிக் கொடுத்தால்தான் குடியிருப்புச் சங்கம் சாமான் லாரியைக் கேட்டுக்குள் விடும். அந்த ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு உரிமையாளர் ஆடிய ஆட்டம்! ஒன்றாம் தேதி தாண்டாமல் வருடக்கணக்காக வாடகை கொடுத்தோம். சுவரில் பிள்ளையார் படத்துக்கு அடித்த ஆணி ஓட்டைக்காக முழு வீட்டுக்கும் பெயின்ட் செலவைப் பிடித்துக்கொண்டார். முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஓட்டை பக்கத்திலேயே இருக்கிறது, அதையும் காட்டினேன். "அதுக்கு அவங்ககிட்ட வாங்கிட்டேன்" என்றார். காசு வாங்கினாராம், பெயின்ட் அடிக்கவில்லையாம்! காரை ஏற்றி இறக்கிய அத்தனை பேரிடமும் பட்டதைவிட அந்த ஒரு மனிதரிடம் பட்டதுதான் அதிகம். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும்.

நிறுவனத்தின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள், சொல்ல மாட்டேன். டிரெய்லரும் டிரைவரும் ஒவ்வொரு முறையும் வேறு. பதிவு எண், பில்ட்டி, போட்டோ, ஃபாஸ்டேக், இவற்றைப் பாருங்கள்.

புது எண் கிடைத்துவிட்டது. ஹரியானாவில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. காசு வந்தால் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன்.