தாத்தாவின் கதையும் தோணியும்

கேள்வி: சமீபத்தில் படித்த நாவல், வாழ்க்கை வரலாறுகளில் எவை உங்களுக்குப் பிடித்தன? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்து முடித்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் கும்பகோணத்திலேயே இருக்கிறேன். 1880இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்த்து, தான் படித்த நூல்களை அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறார், முதலியார் அசையவே இல்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விதான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வந்து நிற்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது. உ.வே.சா.வுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறையும் பகுதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், தொடர முடியவில்லை. கையில் காசே நிற்காத மனிதர், தன்னைத் தேடி வந்த பிள்ளைகளுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்னார். தொடராக வந்துகொண்டிருந்தபோதே 1942இல் உ.வே.சா. காலமாகிவிட்டதால் கதை பாதியில் நிற்கிறது, அது பெரிய இழப்பு.

அப்புறம், ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப்போரில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் ஜப்பான் படை நுழையும் தொடக்கமே ஆளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடுவில் மதுரைத் தெரு நினைவுகள் நீளும், பலர் அங்கேதான் கீழே வைத்துவிடுகிறார்கள், தயவுசெய்து வைக்காதீர்கள். ஊரைவிட்டுப் போனவனுக்குக் கடைப் பெயர்கூட எப்படி வலிக்கும் என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.