கணினி கேள்வி பதில்: ஸ்கிரிப்ட் சும்மா இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். மாட்டுத்தாவணி பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். கடைக்கு ஒரு கிட் ரெப்போ (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிடங்கு), மொத்தம் 34. சனிக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு ஃபோல்டராகப் போய் கமிட் பண்ணாதது (பதியாதது), புஷ் பண்ணாதது (பொது ரெப்போவுக்கு அனுப்பாதது) இருக்கிறதா என்று பார்ப்பது என் தலையில் விழுந்திருக்கிறது. பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது கிட் ஸ்டேட்டஸை ஓட்டி, 'நத்திங் டு கமிட்' என்ற வரி வருகிறதா என்று தேடும். என் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது, ஆபீஸ் சர்வரில் ரூட் யூசரின் (நிர்வாகியின்) கிரானில், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதியில், போட்டால் 34-லும் பாக்கி இருக்கிறது என்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. என்ன தப்பு?
- வாசகி, திருமங்கலம்

பதில்: தப்பு இரண்டு தங்கச்சி, ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட் தப்பு செய்தாலும் நல்ல பக்கமாகத்தான் செய்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில், கிட் ஸ்டேட்டஸ் சாதாரணமாகக் காட்டும் வாக்கியங்கள் மனிதர்கள் படிப்பதற்கு. அவை எப்போது வேண்டுமானாலும் மாறும். 'வொர்க்கிங் டைரக்டரி க்ளீன்' என்று இருந்ததை 2016-ல் 'வொர்க்கிங் ட்ரீ க்ளீன்' என்று மாற்றினார்கள், அந்த வரியைத் தேடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட் எல்லாம் அன்றைக்குப் படுத்துவிட்டது. சர்வரில் வேறு மொழி வைத்திருந்தால் வாக்கியமே அந்த மொழியில் வரும். ஸ்கிரிப்டுக்கு என்றே தனியாக இருப்பது கிட் ஸ்டேட்டஸோடு சேர்க்கும் '--போர்சலின்' என்ற ஆப்ஷன். பீங்கான் என்று அர்த்தம். கிட் செய்தவர்கள் உள்வேலைக் கட்டளைகளை 'ப்ளம்பிங்' என்றும், நாம் கையால் தொடும் கட்டளைகளை 'போர்சலின்' என்றும் பிரித்தார்கள், குழாயும் பேசினும் மாதிரி. அப்படிப் பார்த்தால் ஸ்கிரிப்டுக்கான ஆப்ஷனுக்கு இந்தப் பெயர் பொருந்தவே இல்லை, ஆனால் பெயர் வைத்தாகிவிட்டது. இதன் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள், நமக்கு அதுதான் வேண்டும்.

அதில் ஒரு கோப்புக்கு ஒரு வரி, வரியின் தொடக்கத்தில் இரண்டு எழுத்து. முதல் எழுத்து ஸ்டேஜ் செய்ததை (அடுத்த கமிட்டுக்கு எடுத்துவைத்ததை) பற்றி, இரண்டாவது இன்னும் ஸ்டேஜ் செய்யாததைப் பற்றி. இரண்டு கேள்விக்குறி வந்தால் கிட்டுக்கே தெரியாத புதுக் கோப்பு. மாற்றம் எதுவும் இல்லை என்றால் ஒரு வரிகூட வராது. பலர் ஸ்ட்ரிப் போட்டு வரியின் முன்னால் இருக்கும் இடைவெளியை வெட்டிவிடுவார்கள், அந்த இடைவெளியும் ஒரு தகவல், வெட்டாதீர்கள்.

இப்போது இரண்டாவது தப்பு. ஃபோல்டர் ஒரு யூசருடையது, கிட்டை ஓட்டுவது இன்னொரு யூசர் என்றால் 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து கிட் மறுத்துவிடும். 'டூபியஸ் ஓனர்ஷிப்' என்று ஒரு பிழை வரும், பாதுகாப்புக்காகக் கொண்டுவந்தது. கிரானில் ரூட்டாக ஓடும் உங்கள் ஸ்கிரிப்டுக்கு நடப்பது இதுதான். பிழை வந்தால் நீங்கள் தேடும் வரி கிடைக்காது, அதனால் 34-லும் பாக்கி என்று கத்துகிறது. கத்தியதால்தான் நீங்கள் போய்ப் பார்த்தீர்கள், நல்ல பக்கம் என்று சொன்னது இதைத்தான்.

நான் சொன்னேன் என்று போர்சலினுக்கு மாறி, 'வெளியீடு காலியாக இருந்தால் சுத்தம்' என்று எழுதினீர்கள் என்றால் கதை தலைகீழாகிவிடும். பிழைச் செய்தி எஸ்டிடிஎர்ர் என்ற தனி வழியில் போகும், சாதாரண வெளியீடு வரும் எஸ்டிடிஅவுட் காலி, 34-ம் சுத்தம் என்று அறிக்கை வரும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு சர்வரில் என் ஸ்கிரிப்ட் இரண்டு வாரம் தினமும் காலையில் 'எல்லாம் சுத்தம்' என்று மெயில் அனுப்பியது, நானும் டீ குடித்துக்கொண்டே படித்துச் சந்தோஷப்பட்டேன், அது ஒரு ரெப்போவைக்கூடத் திறந்திருக்கவில்லை. அதனால் முதலில் ரிட்டர்ன் கோடை, அதாவது கட்டளை முடியும்போது தரும் எண்ணைப் பாருங்கள். 0 வந்தால் மட்டும் வெளியீட்டை நம்பலாம், இந்த மாதிரிப் பிழைக்கு 128 வரும். சுத்தம், பாக்கி, 'பார்க்க முடியவில்லை' என்று அறிக்கையில் மூன்று பதில் இருக்கட்டும். கட்டளையை ஓட்டித்தரும் பைத்தானின் சப்ப்ராசஸ் ரன்னில் 'செக்' என்பதை ட்ரூ என்று கொடுக்காவிட்டால் அது பிழையை விழுங்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். கிரானை ஃபோல்டருக்குச் சொந்தக்கார யூசரிலேயே ஓட்டிவிடுங்கள், பிரச்சினையே தீரும்.

புஷ் பண்ணாததற்கு: '--போர்சலின்=வி2 --பிராஞ்ச்' என்று கேட்டால் 'பிராஞ்ச்.ஏபி +2 -0' மாதிரி ஒரு வரி வரும். உங்களிடம் இரண்டு கமிட் கூடுதலாக இருக்கிறது என்று பொருள். இங்கேயும் அதே வம்புதான்: அப்ஸ்ட்ரீம் (பொது ரெப்போவில் உள்ள இணைக் கிளை) அமைக்காத பிராஞ்சுக்கு (வேலைக் கிளைக்கு) அந்த வரியே வராது, அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால் புஷ்ஷே பண்ணாத பிராஞ்ச் சுத்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். தவிர, இது இப்போது நிற்கும் பிராஞ்சை மட்டும்தான் சொல்லும். எல்லா பிராஞ்சுக்கும் சேர்த்து 'கிட் லாக் --பிராஞ்சஸ் --நாட் --ரிமோட்ஸ் --ஒன்லைன்' என்று ஒரே கட்டளை போதும், எந்த ரிமோட்டிலும் (புஷ் போய்ச் சேரும் பொது ரெப்போவிலும்) இல்லாத கமிட்டுகளைக் கொட்டிவிடும். அப்புறம் 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்'. அவசரத்தில் ஸ்டாஷ் பண்ணிவிட்டு (பாதி வேலையை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டு) மறந்தது இந்த இரண்டிலும் வராது, எங்கள் பழைய ஆபீஸில் பாதி வேலை அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தது.

ரிமோட்டில் மற்றவர்கள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் மட்டும் ஃபெட்ச் (ரிமோட்டின் நிலவரத்தை இறக்கிக்கொள்வது) வேண்டும். ஸ்டேட்டஸ் நெட்டுக்குப் போகவே போகாது, கடைசியாக ஃபெட்ச் பண்ணியபோது பார்த்ததைத்தான் சொல்லும்.

பைத்தானிலிருந்து கிட்டைக் கையாளும் கிட்பைத்தான் லைப்ரரியில் 'இஸ் டர்ட்டி' என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் புதுக் கோப்புகளைத் தானாகக் கணக்கில் எடுக்காது, 'அன்ட்ராக்டு ஃபைல்ஸ்' என்பதை ட்ரூ என்று கொடுக்க வேண்டும்.

பகலிலும் ஓட்டுவதாக இருந்தால் 'கிட்' என்பதை அடுத்து '--நோ-ஆப்ஷனல்-லாக்ஸ்' சேர்த்துவிடுங்கள். ஸ்டேட்டஸ் ஓடும்போது இண்டெக்ஸை (கிட் வைத்திருக்கும் கோப்புப் பட்டியலை) புதுப்பிக்கப் பூட்டுப் போடும், அதே நொடியில் பக்கத்து சீட்டுக்காரர் கமிட் பண்ணினால் அவருக்குப் பிழை வந்து உங்களைத் தேடி வருவார்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்க் கும்மிப் பாட்டுகளைத் தட்டச்சு செய்து கிட்டில் வைத்திருக்கிறேன். கோப்புப் பெயர்கள் தமிழில். ஸ்டேட்டஸ் பார்த்தால் பெயருக்குப் பதில் \340\256 என்று எண்கள் வருகின்றன. கோப்பு கெட்டுவிட்டதா?
- வாசகர், மேலூர்

பதில்: பாட்டு பத்திரமாக இருக்கிறது ஐயா. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை கிட் எட்டடிமான எண்ணாக்கிக் காட்டும், அது இயல்பான அமைப்பு. நம் எழுத்துகளின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், தமிழுக்கு முதல் பைட் எப்போதும் 340. 'கோர்.கோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்கிவிட்டால் தமிழாகவே தெரியும். ஸ்கிரிப்டில் படிப்பதானால் போர்சலினோடு '-இசட்' சேருங்கள், பெயர் அப்படியே வரும், வரி முடிவுக்குப் பதில் பூஜ்ய பைட் இருக்கும். பெயர் மாற்றிய கோப்புக்கு மட்டும் இரண்டு பெயர் வரும், புதியது முதலில், பழையது அடுத்து.

கேள்வி: நாங்கள் இன்னும் கிட்டுக்கு முந்தைய கருவியான சப்வெர்ஷன்தான் (எஸ்விஎன்). எங்களுக்கு ஒன்றும் இல்லையா?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: இருக்கிறதே! 'எஸ்விஎன் ஸ்டேட்டஸ் --எக்ஸ்எம்எல்' ஸ்கிரிப்டுக்கு நன்றாக ஒத்துவரும். சட்டென்று பார்க்க 'எஸ்விஎன்வெர்ஷன்', எண்ணுக்குப் பின்னால் 'எம்' ஒட்டியிருந்தால் மாற்றம் இருக்கிறது. ஆனால் ஆட் பண்ணாத புதுக் கோப்பு இதற்குத் தெரியாது. சர்வரில் புதிதாக வந்திருப்பது வேண்டுமென்றால் ஸ்டேட்டஸோடு '-யூ' சேருங்கள்.