லேப்டாப்பைப் பார்த்துக் கல்லூரி தேடாதீர்கள் அக்கா

அக்கா, ‘லேப்டாப் இலவசம், வளாகம் முழுக்க வைஃபை’ என்று தனியார் கல்லூரி நோட்டீஸ் கொண்டுவந்தவரிடம் மகளுக்காக முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாதீர்கள். அந்த லேப்டாப்பின் விலை நாலு வருஷ ஃபீஸுக்குள்ளேயே இருக்கும். அதுகூடப் போகட்டும், கையைவிட்டுப் போவது அதைவிடப் பெரிசு.

மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தானே? அப்படியென்றால் பொறியியல் மாதிரித் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் அரசு நடத்தும் கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியிலேயே இடம் கிடைத்தாலும் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும், இப்படி முன்பணம் கட்டி, கல்லூரியே நேரடியாக நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய் உட்கார்ந்தால் ஒரு பைசா வராது. (நம்ம மாவட்டத்தில் கிறிஸ்தவச் சபைகளும் மறைமாவட்டமும் நடத்தும் பள்ளிகள் அதிகம், அவற்றில் பல அரசு உதவிபெறுபவை. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. பல பெற்றோர் கவுன்சலிங் நேரத்தில்தான் இதைத் தெரிந்துகொண்டு திகைக்கிறார்கள்.)

லேப்டாப்புக்கு வருவோம். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் கையிலேயே கொடுத்தார்கள், உங்கள் மூத்தவன் வாங்கியது அதுதான். 2025-26 பட்ஜெட்டில் அறிவித்ததோ கல்லூரி மாணவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் பேருக்கு. அதனால் சங்கிலியை அடகு வைத்து இப்போதே ஒன்று வாங்க வேண்டாம். எந்தப் படிப்பு என்று முடிவாகட்டும், சில படிப்புக்குச் சாதாரண லேப்டாப்பே தாராளம்.

நெட்தான் உண்மையான தலைவலி. விடியுமுன்னே உங்கள் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகும்போது போனும் கூடவே போய்விடும், பிள்ளைக்குக் கிடைப்பது ராத்திரி மிச்சமிருக்கும் டேட்டா. எச்டியில் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபி காலி. தரத்தைக் குறைத்து டவுன்லோடு செய்து வைக்கச் சொல்லுங்கள், ஐஐடி பேராசிரியர்கள் இலவசமாக நடத்தும் என்பிடெல் வீடியோ பாடங்களை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். அப்புறம், பள்ளி ஹைடெக் லேபில் தட்டச்சு பழக ஆசிரியரிடம் வாய்விட்டுக் கேட்கட்டும், கூச்சம் வேண்டாம். கல்லூரியில் சேர்ந்தபின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும், ரீசார்ஜ் அதில் நடக்கும்.

பொறியியல் பதிவு வழக்கமாக மே மாதம் தொடங்கிவிடும். வீட்டில் லேப்டாப் இல்லை என்று கம்ப்யூட்டர் சென்டரில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், அதற்கென்றே அரசு சேவை மையங்கள் அமைக்கிறது. அதற்குள் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள், இடையில் பள்ளி மாறியிருந்தால் அந்தப் பள்ளிக்கும் ஒருநடை போய்வாருங்கள்.