மழைக்கு முன் ஒரு தையல்: மலையில் உடுத்துவது பற்றிய கேள்வி பதில்

குன்னூர்ச் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் 26 ஆண்டுகளாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். புதிதாகத் தைத்தவற்றைவிடப் பிரித்துச் சரிசெய்தவையே அதிகம். தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன், எங்கள் தையல் வட்டத்தினர் உறுப்பினர்களின் கேள்விகளைத் திரட்டி என்னிடம் தருவார்கள். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பதில்களுக்குள் போகுமுன் ஒன்று. எந்தத் துணியானாலும், அது எந்த நாரால் ஆனது என்று தெரியாமல் கத்தரியை எடுக்காதீர்கள். உள் ஓரத்திலிருந்து நான்கு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கம்பளியும் பட்டும் முடி பொசுங்கும் வாடை அடிக்கும். ஆறியபின் எச்சத்தை நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உருகி, கெட்டியான மணியாக உறைந்துவிடும். கீழே சாயம் பற்றிய பதிலில் இந்தச் சோதனை தேவைப்படும்.

கேள்வி (குன்னூர், கல்லூரி மாணவி): அக்கா, சித்தி கொடுத்த கம்பளி ஸ்வெட்டரைச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டேன். எட்டு வயதுத் தம்பிக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மீட்க முடியுமா?

முழுவதுமாக மீட்க முடியாதம்மா. ஆட்டு முடியின்மேல் மீன் செதில்போல நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடு, சோப்பின் காரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கொஞ்சம் சுருங்கியிருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு. வெதுவெதுப்பான நீரில் தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் இரண்டு கரண்டி கலந்து அரைமணி நேரம் ஊறவையுங்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றியெடுத்து, தட்டையாகப் பரப்பி, நான்கு பக்கமும் மெல்ல இழுத்து ஊசி குத்திக் காயவிடுங்கள். ஒன்றிரண்டு அங்குலம் திரும்பக் கிடைக்கலாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இனி ஸ்வெட்டர் ஆகாது. ஆனால் இப்போது அதற்கு ஒரு புதுக் குணம் வந்திருக்கிறது: வெட்டினால் பிரியாது. கைகளை வெட்டினால் விரல் நுனி வெளியே தெரியும் கையுறைகள் ஆகும். உடற்பகுதியில் வெந்நீர்ப் பைக்கு ஓர் உறை எடுக்கலாம். ஓரங்களுக்குக் கம்பளித் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்) போடுங்கள், அதற்கு மாறுபட்ட நிறத்தில் நூல் எடுங்கள். என் அம்மாவின் மெரினோ சால்வையை நானே ஒருநாள் கொதிநீரில் அலசிக் கெடுத்திருக்கிறேன். அதிலிருந்து வெட்டிய தொப்பியை இன்றும் டிசம்பர் காலைகளில் போட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (கோத்தகிரி, பள்ளி ஆசிரியை): தினமும் புடவைதான் உடுத்துகிறேன். மேலே ஸ்வெட்டர் போட்டால் மூட்டை கட்டியதுபோல் இருக்கிறது. குளிருக்கும் அடக்கமாக, பார்க்கவும் நன்றாக இருக்க என்ன செய்வது?

மலைப் பெண்கள் பாதிப் பேருடைய கேள்வி இது. பெரும்பாலும் தவறு ஸ்வெட்டரின் நீளத்தில் இருக்கிறது. கடையில் கிடைப்பவை இடுப்புக்குக் கீழே இறங்கும். கொசுவத்தின்மேல் உட்கார்ந்து உப்பிக்கொள்ளும். கொசுவம் செருகும் இடத்தோடு அது நிற்க வேண்டும்.

முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து, புடவையோடு போட்டு, கண்ணாடி முன் நின்று அந்த இடத்தில் ஊக்கு குத்துங்கள். கீழே இருக்கும் இறுக்கமான பட்டையை வெட்டி எறிந்துவிடாதீர்கள், ஸ்வெட்டரின் அழகே அதுதான். பட்டைக்கு மேலே குறைக்க வேண்டிய அளவைக் குறித்து, வெட்டப்போகும் இரண்டு கோடுகளின் வெளிப்புறங்களிலும் இயந்திரத்தில் நெருக்கமாக ஜிக்ஜாக் தையலை இரண்டு வரிசை ஓட்டுங்கள். அதன் பிறகுதான் கத்தரி. நடுத்துண்டை நீக்கிவிட்டு, பட்டையை மறுபடி மேலே இணையுங்கள். தையலில் மடங்கிப்போகும் துணிக்கு முக்கால் அங்குலம் கூடுதலாக விட மறக்காதீர்கள். இணைக்கும்போது துணியை இழுத்தால் ஓரம் அலையலையாகிவிடும். இயந்திரம் தானாக நகர்த்தட்டும்.

மற்றதெல்லாம் உள்ளே செய்ய வேண்டியவை. பாவாடையைப் பிளானல் துணியில் தைத்துக்கொள்ளுங்கள், பனிக்காலத்தில் அது ஒன்றே பாதிக் குளிரைத் தாங்கும். ரவிக்கையை மெல்லிய பின்னல் துணியில் முழுக்கை வைத்துத் தைத்தால், பல நாட்கள் ஸ்வெட்டரே தேவைப்படாது. முந்தானையை ஸ்வெட்டருக்கு மேலே எடுத்துத் தோளில் குத்துங்கள். உள்ளே திணித்தால்தான் மூட்டைபோல் ஆகிறது.

கேள்வி (ஊட்டி, ஓய்வுபெற்ற அலுவலர்): அம்மா, என் தகப்பனார் 40 ஆண்டுகள் போட்ட கம்பளிக் கோட்டில் பூச்சி அரித்து ஏழெட்டு ஓட்டைகள். தூக்கிப்போட மனம் வரவில்லை.

தூக்கிப்போடவே வேண்டாம், ஐயா. அந்தக் காலக் கோட் துணியின் கனம் இப்போது எளிதில் கிடைப்பதில்லை.

முதலில் பூச்சியை ஒழியுங்கள். அரிப்பது அந்துப்பூச்சியின் புழு. வியர்வையும் உணவுக் கறையும் இருக்கும் இடங்களையே அது தேடிப்போகும். கோட்டை வெயிலில் விரித்து, பைகளை வெளியே இழுத்து, மடிப்புகளைத் துலக்குங்கள். முட்டைகள் பெரும்பாலும் காலருக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.

இனி ஓட்டை. இழை ஓட்டி அடைப்பதற்கு அடியில் குவிந்த ஏதாவது வேண்டும். நான் வழவழப்பாகத் தேய்த்த தேங்காய்ச் சிரட்டையை வைத்துக்கொள்கிறேன். நூலுக்கு எங்கும் போக வேண்டாம். கோட்டின் உள் ஓரத்தில் மடித்துவிட்ட துணி இருக்கும், அதிலிருந்தே இழை உருவலாம். நிறம் அப்படியே பொருந்தும். ஓட்டைக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி, நல்ல துணியில் தொடங்குங்கள். மேலிருந்து கீழாக நெருக்கமாகக் கோடுகள் ஓட்டுங்கள்; ஓட்டையின்மேல் வரும்போது இழை சிரட்டையின்மேல் வெறுமனே கிடக்கும். பிறகு குறுக்கே, ஒன்று விட்டு ஒன்று, பாய் முடைவதுபோல மேலும் கீழுமாக. ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் திரும்பும்போது கடுகளவு வளையம் விட்டுத் திரும்புங்கள். இறுக்கி இழுத்தால் சுற்றியுள்ள துணி சுருக்கிக்கொண்டு, தைத்த இடம் கொப்புளம்போல நிற்கும். முடித்தபின் ஈரத் துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

ஒரு ஓட்டைக்கு முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். மார்புப் பக்கத்து ஓட்டையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கை பழகியிருக்கும்.

கேள்வி (கூடலூர், இல்லத்தரசி): ஜூன் பிறந்தால் பீரோவுக்குள் எல்லாம் பூஞ்சை. பட்டுப்புடவையிலும் வெள்ளைப் புள்ளி. பூச்சி உருண்டை போட்டும் பயனில்லை.

பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அது ஒன்றும் செய்யாது. அதோடு சூடத்தையும் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் இளகித் துணியில் கறை பிடிக்கும்.

மழைக்கு முன் வெயில் அடிக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். கஞ்சி போட்ட பருத்திப் புடவைகளை அப்படியே அடுக்காதீர்கள். கஞ்சி பூஞ்சைக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் விருந்து. அலசி, கஞ்சியில்லாமல் உள்ளே வையுங்கள், உடுத்தும்போது போட்டுக்கொள்ளலாம். பட்டுப்புடவையை நிழலில் உலர்த்தி, மென்மையான தூரிகையால் புள்ளியைத் தட்டிவிட்டு, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை உள்ளே இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கும். மடிப்பை மாதம் ஒருமுறை மாற்றி மடியுங்கள், ஜரிகை ஒரே இடத்தில் ஒடியாது. வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து மூலைகளில் போடுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தால் நான்கு விரற்கடையாவது முன்னே இழுங்கள். பின்சுவரின் ஈரத்தைக் கவனிக்காமல் உள்ளே எத்தனை மருந்து வைத்தாலும் வீண்.

கேள்வி (அருவங்காடு, இளைஞர்): ஜீன்ஸ் தொடைப் பக்கம் கிழிகிறது. ஒட்டுப்போட்டால் அசிங்கமாகத் தெரியாதா?

உட்புறமாக வையுங்கள் தம்பி. கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிய பழைய ஜீன்ஸ் துண்டு, அதே நீலத்தில் நூல், கால் அங்குல இடைவெளியில் ஓட்டுத்தையல் வரிசைகள். ஜப்பானில் சஷிகோ என்று இதையே ஒரு கலையாகச் செய்கிறார்கள். முழங்காலில் வந்தால் வெள்ளை நூல் போட்டு வெளியே தெரியவே விடுங்கள், அழகாக இருக்கும். துணி மெலியத் தொடங்கும்போதே தைத்துவிட்டால் வேலை பாதியாகும்.

கேள்வி (மஞ்சூர்): வெள்ளைச் சட்டைகள் மஞ்சளடித்துவிட்டன. நம் ஊர்த் தேயிலையிலேயே சாயம் போடலாம் என்கிறார்களே, நிற்குமா?

நிற்கும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் பருத்தியைப் பற்றிக்கொள்ளும். நூறு சதவீதம் பருத்தியா என்று முதலில் எரித்துப் பாருங்கள்; பாலியஸ்டர் கலந்திருந்தால் வெளிறித்தான் வரும்.

சட்டையைச் சலவைச் சோடா போட்ட சூடான நீரில் ஊறவைத்து, எண்ணெய்ப் பிசுக்கு போக அலசுங்கள். கழுத்துப்பட்டையில் பிசுக்கு மிஞ்சினால் அங்கே சாயம் ஏறாது. ஒரு சட்டைக்கு நான் 100 கிராம் டஸ்ட் தேயிலை போடுகிறேன். நான்கு லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். தூள் நின்றால் புள்ளி விழும். சட்டையை ஈரத்தோடு போட்டு, மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிக் கிளறுங்கள். பாத்திரத்தில் பார்ப்பதைவிடக் காய்ந்தபின் நிறம் வெளிறியிருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள்.

சாம்பல் நிறம் பிடிக்கும் என்றால், துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறவைத்து, அந்த நீரில் இரண்டு தேக்கரண்டியைத் தனி வாளித் தண்ணீரில் கலந்து, சாயமேற்றிய சட்டையை ஐந்து நிமிடம் முக்குங்கள். கண்ணெதிரே தவிட்டு நிறம் மேகக் கருமைக்கு மாறும். அதற்கு மேல் இரும்பு வேண்டாம், துணியை இற்றுப்போகச் செய்யும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒன்று கவனிப்பீர்கள்: சட்டை முழுக்க நிறம் மாறியிருக்க, தையல் நூல் மட்டும் வெள்ளையாகவே நிற்கும். தையற்கடைகளில் ஓடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் நூல். எனக்கு அந்த வெள்ளைக் கோடு மிகவும் பிடிக்கும். யாரோ வரைந்ததுபோல இருக்கும்.

கம்பளி நூல் வைத்திருப்பவர்கள் கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) உதிர்ந்த இலைகளையும் முயன்று பாருங்கள். சாயத்தைப் பிடிக்கவைக்கும் படிகாரம்கூட இல்லாமல் செம்பழுப்பு ஏறும். பருத்தியில் அது அவ்வளவாக வராது.

கேள்வி (ஊட்டி): தோடர் பூவேலைச் சால்வை பரிசாக வந்தது. வெட்டிக் கையில்லாக் கோட் தைக்கலாம் என்று நினைக்கிறேன். தைத்துத் தருவீர்களா?

மாட்டேன். காரணம் சொல்கிறேன்.

அந்த வெள்ளைத் துணியில் கோடு வரைந்து தைப்பதில்லை, சட்டத்தில் மாட்டுவதுமில்லை. நம் மலைப் பழங்குடியினரான தோடர் பெண்கள் விரல் நுனியால் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக ஊசி ஓட்டுகிறார்கள். நெய்தவைபோலத் தெரியும் பட்டைகளைப் புரட்டிப் பாருங்கள்: மறுபக்கமும் ஓர் ஒழுங்கோடு இருக்கும். பூத்துக்குளி என்று அவர்கள் சொல்லும் அந்தச் சால்வையை ஆணும் பெண்ணும் போர்த்துகிறார்கள். இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அதில்தான். இந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இழை எண்ணித் தைத்ததைக் குறுக்கே வெட்டினால் கணக்கு அறுந்து ஓரத்திலிருந்து பிரியத் தொடங்கும்.

அப்படியே போர்த்துங்கள். ஒரே நிறத்து உடைமேல், கறுப்போ சாம்பலோ, வேறு நகை வேண்டாம். கோட்தான் வேண்டுமென்றால், தோடர் பெண்களிடமே பட்டையாகத் தைக்கச் சொல்லி வாங்கி வாருங்கள். கழுத்தோரத்தில் வைத்து நான் தைத்துத் தருகிறேன். இயந்திரத்தில் அச்சடித்த போலியைக் கொண்டுவராதீர்கள்.

கேள்வி (குன்னூர், ஐ.டி. ஊழியர்): என் உடைகள் எல்லாம் கறுப்பும் சாம்பலும். பாணி மாற எங்கே தொடங்குவது?

கழுத்தில். ஒரு மஞ்சள் அல்லது செங்கல் நிற மப்ளர் போதும். மீதியை மாற்ற வேண்டாம். இன்னொன்றும் உண்டு: மாலை மூட்டத்தில் நம் வளைவுகளில் சாம்பல் உடையோடு நடப்பவர் வண்டிக்காரர் கண்ணில் படவே மாட்டார்.

கேள்வி (கோத்தகிரி, பாட்டி): பேரன் வளர்ந்துவிட்டான். அவனுடைய ஸ்வெட்டர்களைப் பிரித்து நூலெடுக்கலாமா?

பக்கத் தையலைப் புரட்டிப் பாருங்கள் அம்மா. ஓரம் சங்கிலிபோல அழகாகச் சேர்ந்திருந்தால் முழு நூலும் ஒரே ஓட்டமாக வரும். ஓவர்லாக் அடித்து வெட்டியிருந்தால் வரிசைக்கு வரிசை துண்டு நூல்தான் மிஞ்சும். அதைப் பிரிக்காமல் போர்வைச் சதுரங்களாக வெட்டிவிடுங்கள்.

முழு நூலாக வரும் ரகமானால், தையலைப் பிரித்து, முடித்த முனையைத் தேடி, நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே இழுங்கள். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் முக்கி, கொடியில் மாட்டி, அடியில் ஒரு ஈரத் துண்டைக் கனத்துக்குத் தொங்கவிடுங்கள். நெளிவெல்லாம் போய்விடும். மழை தொடங்கிவிட்டால் காய நான்கு நாளாகும், இந்த வாரமே செய்துவிடுங்கள்.