கணினிக் கேள்வி பதில்: பிழை என்று சொல்லாத பிழை

கேள்வி: அம்மா, என் முதுகலை ஆய்வு மழையளவும் ஆற்று நீர்மட்டமும் பற்றியது. என் மேற்பார்வையாளர் இளமையில் எழுதிய செயற்கூறு ஒன்றை, ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் உள்ளது, புள்ளியியல் நிரல்மொழியான ஆர் மொழியிலிருந்து அழைக்கிறேன். சென்ற ஆண்டுத் தரவுக்கு விடை சரியாக வருகிறது. இந்த ஆண்டுத் தரவுக்கோ பொருளற்ற எண்கள் வருகின்றன. பிழைச் செய்தியும் இல்லை. எல்லாவற்றையும் ஆர் மொழியிலேயே திரும்ப எழுதிவிடலாமா?
(வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வேண்டவே வேண்டாம். இந்த ஆண்டுக் கோப்பைத் திறந்து மழையளவு நெடுவரிசையைப் பாருங்கள். தசமப் புள்ளி ஒன்றாவது கண்ணில் படுகிறதா? படாது என்று பந்தயம் கட்டுவேன். சென்ற ஆண்டு மழைமானியைப் பார்த்தவர் 12.4 என்று எழுதியிருப்பார். இந்த ஆண்டு வந்தவர் 12 என்று முடித்துக்கொண்டிருப்பார். புள்ளியே இல்லாத நெடுவரிசையைப் படிக்கும்போது ஆர் தானாகவே அதை முழு எண் வகையில் சேர்த்துவிடும். முழு எண்ணுக்கு 4 பைட். உங்கள் செயற்கூறு எதிர்பார்க்கும் இரட்டைத் துல்லிய எண்ணுக்கு (தசமப் பகுதியையும் வைத்துக்கொள்ளும் வகை) 8 பைட்.

ஆர் மொழிக்குள் இருக்கும்வரை இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரியவே தெரியாது. தேவையான இடத்தில் அதுவே மாற்றிக்கொள்ளும். டாட் ஃபோர்ட்ரான் (.Fortran) என்ற ஆர் கட்டளை வழியாக வெளியே போகும்போது அந்த உபசாரம் கிடையாது. போவது நினைவக முகவரி மட்டும்தான். அங்கே ஃபோர்ட்ரான் இரண்டு நாள் மழையை ஒட்டவைத்து ஒரே எண்ணாகப் படிக்கும். 365 நாள் கேட்டால் பாதியிலேயே உங்கள் தரவு தீர்ந்துவிடும். அதற்கு மேல் நினைவகத்தில் கிடக்கும் எதையோ மழை என்று நம்பிக் கூட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் நேற்று வந்த குப்பை இன்று வராது. சோதிக்க வேண்டுமானால் 1, 2 என்ற இரு முழு எண்களை அனுப்பி, முதல் எண்ணை மட்டும் திருப்பிக் கேளுங்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினிகளில், 4.24-ஐ 10-இன் -314ஆம் அடுக்கால் பெருக்கினால் என்ன வருமோ அது வரும். அப்படி ஓர் எண்ணைப் பார்த்துவிட்டால் எனக்கு வேறு சாட்சியம் தேவையில்லை.

மருந்து எளிது. அழைக்கும் வரியிலேயே மழையளவை ஆஸ் டாட் டபுள் (as.double) கொண்டு இரட்டைத் துல்லிய எண்ணாக மாற்றி அனுப்புங்கள். இதன் மறுதலையும் உண்டு: ஆர் மொழியில் வெறுமனே 365 என்று தட்டினால் அது இரட்டைத் துல்லிய எண். நாள்களின் எண்ணிக்கையை ஃபோர்ட்ரான் முழு எண்ணாகக் கேட்கும் என்பதால், அதற்கு ஆஸ் டாட் இன்டிஜர் (as.integer) போட வேண்டும். விடை, திரும்பிவரும் பட்டியலில்தான் இருக்கும். நீங்கள் அனுப்பிய மூல மாறியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று திகைக்காதீர்கள்.

விடுபட்ட நாள்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தரவில் என்ஏ (NA, விடுபட்ட மதிப்புக்கு ஆர் இடும் குறி) இருந்தால் டாட் ஃபோர்ட்ரான் இயல்பாகவே மறுத்துவிடும். என்ஏஓகே (NAOK) என்ற தேர்வை ட்ரூ (TRUE) ஆக்கினால் போதும் என்று நண்பர் யாராவது வந்து சொல்வார். கேட்காதீர்கள். மழை 0-ஐவிட அதிகமா என்று செயற்கூறு சோதிக்கும்போது, விடுபட்ட மதிப்புக்கு இல்லை என்றே விடை வரும். அக்டோபரில் பினாங்கில் கொட்டித் தீர்த்து, மழைமானியே பழுதாகிப் பதிவு விட்டுப்போன நாள், உங்கள் ஆய்வேட்டில் வெயில் நாளாக ஏறிவிடும்.

மேற்பார்வையாளரின் செயற்கூறு பழையது என்று கூச்சப்பட வேண்டாம். ஆர் மொழியின் முன்னோடியான எஸ் மொழியை ஜான் சேம்பர்சும் சகாக்களும் 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியதே பெரும்பாலும் இதற்காகத்தான்: கையில் இருந்த ஃபோர்ட்ரான் செயற்கூறுகளை ஆய்வாளர்கள் சிரமமில்லாமல் அழைக்க வேண்டும். அந்த வீட்டில் ஃபோர்ட்ரான் விருந்தாளி அல்ல, பாட்டனார். அணிகளைக்கூட இரண்டும் நெடுவரிசை வாரியாகவே நினைவகத்தில் வைக்கின்றன. வரிசை வாரியாக வைத்துப் பழகிய சி மொழிக்காரர்கள்தான் அங்கே தடுமாறுவார்கள்.

கேள்வி: டெங்கிப் பரவலுக்கு, ஸ்டான் என்ற புள்ளியியல் மாதிரி மொழியில் மாதிரி ஒன்றை எழுதுகிறேன். வேகத்துக்காக சி பிளஸ் பிளஸில் நானே எழுதிய செயற்கூறு தனியாக நன்றாக ஓடுகிறது. ஸ்டானோடு சேர்த்தால் கம்பைல் ஆவதில்லை.
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: மாதிரியில் செயற்கூற்றின் தலைப்பை மட்டும் அறிவித்து, அல்லவ் அண்டிஃபைன்ட் (allow_undefined) தேர்வை இயக்கி, ஹெடர் கோப்பையும் காட்டியிருப்பீர்கள் என்றே கொள்கிறேன். அப்படியானால் சிக்கல் டபுள் (இரட்டைத் துல்லிய எண்) என்ற அறிவிப்பில் இருக்கும். ஸ்டான் மதிப்பிடப் பயன்படுத்தும் ஹாமில்டோனியன் மான்டே கார்லோ முறை சரிவைப் பார்த்துத்தான் நகரும். அதற்கு வகைக்கெழு தேவை. எனவே மதிப்பிட வேண்டிய அளபுருக்கள் டபுளாக வருவதில்லை. வகைக்கெழுவின் தடத்தையும் சுமந்துவரும் தனி வகையாக வருகின்றன. செயற்கூற்றை டெம்ப்ளேட்டாக (எந்த எண் வகையையும் ஏற்கும் வார்ப்பாக) எழுதுங்கள். கடைசி உள்ளீடாக, செய்தி அச்சிடுவதற்கான ஆஸ்ட்ரீம் (ostream) சுட்டி ஒன்றையும் ஸ்டான் எதிர்பார்க்கும். அந்த வகையைப் பலவந்தமாக டபுளாக்கினால் கம்பைல் ஆகலாம். ஆனால் சரிவு தவறாகிவிடும். இப்போதாவது கம்பைலர் முகத்துக்கு நேரே மறுக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் வாசகிக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

வேகத்துக்காக என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்டானில் எழுதுவதெல்லாம் எப்படியும் சி பிளஸ் பிளஸாக மாறித்தான் கம்பைல் ஆகிறது. வகைக்கெழுவையும் கையால் எழுதித் தந்தாலன்றிப் பெரிய ஆதாயம் இராது. முதலில் ஸ்டானிலேயே எழுதி, நேரத்தை அளந்து பாருங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற சக ஊழியர் விட்டுச்சென்ற டிஎல்எல் கோப்பு (ஏற்கெனவே கம்பைல் செய்த விண்டோஸ் நிரல்) பழைய விண்டோஸ் கணினியில் ஓடியது. புதிய கணினியில் ஆர் அதை ஏற்க மறுக்கிறது.
(பொறியாளர், பாயான் லெப்பாஸ்)

பதில்: அது 32 பிட் கோப்பாக இருக்கும். 2022-இல் வந்த 4.2 பதிப்பு முதல் விண்டோஸில் ஆர் 64 பிட் மட்டுமே. மூல நிரலைத் தேடி எடுங்கள். விண்டோஸில் ஆருக்கான கம்பைல் கருவித் தொகுப்பான ஆர்டூல்ஸை நிறுவி, ஆர் சிஎம்டி எஸ்எச்லிப் (R CMD SHLIB) கட்டளையால் கம்பைல் செய்தால் தீர்ந்தது. மூலம் கிடைக்கும்வரை 4.1.3 பதிப்பின் 32 பிட் வடிவத்தைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். சக ஊழியரின் தொலைபேசி எண் இருந்தால் இன்றே கூப்பிடுங்கள்.