துணை சபாநாயகர் எங்கே என்று கேட்ட பெண்

வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு முன்பணம் கட்டணும், நாளை மறுநாள் கடைசி என்று பதறிக்கொண்டு வந்தார் ஓர் அப்பா. கூடவே பிளஸ் டூ முடித்த மகள். அவளுக்கு அரசியல் அறிவியல்தான் வேண்டுமாம். "அதைப் படிச்சா கட்சிக்கொடிதான் பிடிக்கணும்" என்று தாய்மாமா சொல்லிவிட்டாராம். முதலில் டீ குடிங்க என்றேன். என் ஆறுதல் அதோடு சரி.

அவள் நோட்டில் ஒரு வரி: '2019 முதல் 2024 வரை மக்களவைக்குத் துணை சபாநாயகரே இல்லை, ஏன்?' அரசியல் சாசனத்தின் 93ஆவது பிரிவு 'கூடிய விரைவில்' தேர்ந்தெடுக்கச் சொல்கிறது, தேதி போடவில்லை. சாசனம் விட்ட இடத்தை அதுவரை மரபுதான் நிரப்பி வந்தது. மசோதாக்களும் அப்படித்தான். 15ஆவது மக்களவையில் (2009-14) 71 சதவீதம், மசோதாவை அலசிப் பார்க்கும் எம்.பி.க்கள் குழுவான நிலைக்குழுவுக்குப் போயின, 17ஆவதில் (2019-24) 16 சதவீதம்தான். அனுப்பியே தீர வேண்டும் என்று விதி இல்லையே! இதையெல்லாம் கவனிப்பது வெட்டிவேலை இல்லை ஐயா, பிழைப்பாகவே செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஐ.ஏ.எஸ்., வக்கீல் பற்றி மாமாவே சொல்வார். லேம்ப் ஃபெல்லோஷிப் அவருக்குத் தெரிந்திருக்காது. டெல்லியில் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் நடத்துவது. ஏதாவது ஒரு பட்டம், வயது 25க்குள். மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் முடியும்வரை ஓர் எம்.பி.யோடு வேலை, மாத உதவித்தொகை உண்டு. மசோதாவைப் படித்துக் குறிப்பு எழுதணும், கேள்வி தயாரிக்கணும். மக்களவையில் நட்சத்திரக் கேள்வி நாளுக்கு 20தான்; அமைச்சர் எழுந்து பதில் சொல்லணும், துணைக்கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதது 230, பதில் எழுத்தில் வரும். 'பள்ளிகளில் கழிப்பறை உள்ளதா' என்று கேட்டால் 'உள்ளது' என்று முடித்துவிடுவார்கள். 'தண்ணீர் வராத கழிப்பறை எத்தனை, மாவட்டவாரியாக' என்று கேட்டால் நழுவுவது கஷ்டம். அந்த வித்தியாசம்தான் தொழில்.

இடங்கள் குறைவு, ஆங்கிலத்தில் எழுத வரணும், ஓராண்டில் முடிந்துவிடும். அப்புறம் ஆய்வு நிறுவனமோ பத்திரிகையோ அவளே தேடிக்கொள்ள வேண்டியதுதான். கிடைக்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

ஆனால் அடகு விஷயத்தில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. வேண்டாத படிப்புக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியிலேயே பி.ஏ. அரசியல் அறிவியல் இருக்கிறது, அரசுக் கல்லூரிக் கட்டணம்தான். பெண் அரசுப் பள்ளியில் படித்தவள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழும்.

முன்பணம் கட்ட வேண்டாம். மாமாவுக்குப் போன் போட்டுக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.