நினைவுத்தூணில் ஒட்டிய பலகை

கேள்வி: எங்கள் பகுதிப் போர் நினைவுத்தூணில் யாரோ தங்கள் பாட்டனார் பெயர் பொறித்த கிரானைட் பலகையைச் சிமெண்டால் ஒட்டியிருக்கிறார்கள். நாங்களே பெயர்த்துவிடலாமா?
– வாசகர், டர்பன்

பதில்: உளியைக் கீழே வையுங்கள். ஒட்டியது தப்பு, அனுமதியில்லாமல் பெயர்ப்பதும் தப்புதான். தென்னாப்பிரிக்காவின் 1999-ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம், 37-ஆம் பிரிவு, தனி அறிவிப்பு இல்லாமலே பொது நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கிறது. குவாசுலு-நட்டாலில் கேட்க வேண்டிய இடம் மாகாணப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான அமாஃபா. பக்கத்தில் அளவுகோல் வைத்து எல்லாப் பக்கமும் படமெடுத்து, தேதி போட்டு, அவர்களுக்கும் நகராட்சிக்கும் எழுதுங்கள்.

தூண் மணற்கல் என்றால் சிமெண்ட் அதைவிட இறுக்கம். நெம்பினால் பலகை அசையாது, பின்னாலுள்ள கல்லின் தோல்தான் பாளமாக உரியும். விட்டுவைத்தாலும் தொல்லை: சிமெண்டின் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் இறங்கி, காயும்போது மேற்பரப்பைப் பொடிப்பொடியாக உதிர்க்கும். இரும்பு ஆணி இருந்தால் கேட்கவே வேண்டாம், கடற்காற்றில் துருப்பிடித்து உப்பிக் கல்லையே பிளக்கும். தேர்ந்த கல்வேலைக்காரர் பலகையைத் துண்டு துண்டாக உடைத்து எடுப்பார்; பலி போவது பலகை, தூண் அல்ல. மிஞ்சும் கறைக்கு ஆசிட், கம்பி பிரஷ், பிரஷர் வாஷர் மூன்றும் ஆகாது. தண்ணீரும் நைலான் பிரஷும் போதும்.

அந்தக் குடும்பத்தின் ஆதங்கம் நியாயமே; போரில் உழைத்த நம்மவர்களும் நினைக்கப்பட வேண்டியவர்கள்தானே. போயர் போரின்போது, 1899-1900-இல், நட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஸ்ட்ரெச்சர் சுமந்த சுமார் 1,100 பேரில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். பெயர் வேண்டுமென்றால் தூணைத் தொடாமல், சற்றுத் தள்ளித் தனிப் பீடம் கட்ட அவர்களே விண்ணப்பிக்கட்டும். வரைபடமும் வாசகமும் இணைக்க வேண்டும்.